கீழே சேர்த்த ஒரு வரி

அந்த அக்காவின் பெயரை இதில் எங்கேயும் எழுதப் போவதில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எழுதாத பேரை எவனாலும் உடைக்க முடியாது என்று அவளே ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் சொன்னாள். இந்த ஒரு விஷயத்திலாவது அவள் பேச்சைக் கேட்டு நடப்போமே என்று பார்க்கிறேன்.

மூடி வைத்த எழுத்தைக் கண்டால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். பென்னலூரில் எங்கள் ஹாஸ்டல் வார்டனம்மா ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். எங்கள் பேர்களுக்கு எதிரே சிவப்பு மையில் சின்னச் சின்னப் புள்ளி, வட்டம், வட்டத்துக்குள் கோடு என்று தினமும் எதையோ போடுவார். நாங்கள் எல்லோரும் அதை வருகைப் பதிவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அக்கா நாலு நாள் போகிற போக்கில் எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் காலை பல் தேய்க்கிற இடத்தில் வைத்துச் சொன்னாள்:

"புள்ளின்னா லேட்டு. வட்டம்னா ஆம்பள கொரல்ல போன் வந்துக்கீது. வட்டத்துக்குள்ள கோடுன்னா ஊருக்குப் போன் பண்ணி உங்கப்பாகிட்ட போட்டுக் குடுத்தாச்சுன்னு அர்த்தம். உனக்கு ரெண்டு கோடு கீதுமே."

எனக்கு வாயில் இருந்த நுரை அப்படியே நின்றுவிட்டது. போன பொங்கலுக்கு அப்பா ஏன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது அந்தக் குழாயடியில்தான் விளங்கியது.

நாங்கள் ஆறு பேர் ஒரு அறை. ஐந்து பேர் சங்கரன்கோவில், கோவில்பட்டி, ராஜபாளையம் என்று தெற்கே இருந்து வந்தவர்கள். அவள் ஒருத்திதான் அரக்கோணம் பக்கத்துக்காரி. எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவள், கணக்கில் பட்டம் வாங்கியவள். பட்டம் வாங்கிவிட்டு எதற்கு பிளஸ் டூ படித்த எங்களோடு வந்து நிற்கிறீர்கள் என்று கேட்டால், "நீ இன்னாத்துக்கு வந்த? அதுக்குத்தான் நானும்" என்பாள். அவள் வீட்டில் யார் யார், ஏன் ஊருக்குப் போவதே இல்லை, எதுவும் தெரியாது. அடுத்தவர் பூட்டையெல்லாம் திறந்தவள் தன்னுடையதை மட்டும் நன்றாகப் பூட்டி வைத்திருந்தாள்.

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி, கார்களுக்கு உள்ளே ஓடும் வயர்களை அளந்து சேர்த்து டேப் சுற்றிக் கட்டிக் கொடுக்கிற கம்பெனி. நான் டேப் சுற்றும் லைனில். அவள் செக்கிங்கில். கட்டி முடித்த வயர்க் கொத்தை ஒரு பலகையில் செருகினால் எல்லா விளக்கும் எரிய வேண்டும். எரியாவிட்டால் எந்த வயர் எந்தத் துளையில் மாறிப் போயிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவளோ பலகையில் செருகும் முன்பே விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "நாலாவது பச்சையும் ஆறாவது பச்சையும் மாறிக்கீது" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். சூப்பர்வைசருக்கு அவளைப் பிடிக்காது. எங்களுக்குப் பிடிக்கும், ஆனால் பயம்.

அவளுக்கு உட்காரத் தெரியாது. காலி சீட் இருந்தாலும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே ஒரு காலை ஆட்டிக்கொண்டு வருவாள். அவள் கால் ஆடினால் நமக்கும் உள்ளுக்குள் ஏதோ ஆட ஆரம்பிக்கும். அந்த முக்கால் மணி நேரப் பயணத்தில்தான் ரகசிய எழுத்துகளின் கதை முழுவதையும் எங்களுக்குச் சொன்னாள். காஞ்சிபுரத்தில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கியிருந்தாள். அதுதான் மூலம் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் தன் ஐடி கார்டு நாடாவைக் கழற்றி பஸ் கம்பியில் இடைவெளியில்லாமல் சுற்றினாள். சுற்றின நாடாவின் மேல் மேலிருந்து கீழாக பால்பாயிண்ட்டில் ஏதோ எழுதினாள். பிறகு பிரித்து என் கையில் கொடுத்தாள். நாடா முழுக்கச் சம்பந்தமில்லாத எழுத்துகள்.

"கிரேக்க தேசத்து சிப்பாய்ங்க பெல்ட்டுல இப்பிடித்தான் எழுதி அனுப்புவாங்க. அதே சைஸ் கம்பி வெச்சிருக்கறவன் சுத்திப் பாத்தா படிக்கலாம்."

நான் எழுந்து போய்ச் சுற்றிப் பார்த்தேன். 'டிரைவருக்குத் தூக்கம் வருது' என்று இருந்தது. உண்மையாகவே அந்த ஆளுக்குத் தலை தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ராஜபாளையத்துப் பெண் சமயபுரத்தில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தபோது, அவளைக் குனிய வைத்துத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னா எழுதி அனுப்ச்சிக்கிறாங்க உங்க ஊர்ல?" கேட்டால், அந்தக் காலத்தில் அடிமையின் தலையை மொட்டையடித்து, சேதியைப் பச்சை குத்தி, முடி வளர்ந்த பிறகு அனுப்புவார்களாம். போய்ச் சேர்ந்ததும் மறுபடி மொட்டை. "அவசர சேதின்னா என்னக்கா பண்ணுவாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கா அதற்கு இரண்டு ஸ்டாப்பிங் தூரம் சிரித்தாள்.

ரோமாபுரித் தளபதி ஒருவன் மூன்று எழுத்து தள்ளித் தள்ளி எழுதிய கதையைச் சொன்னபோது அவளுக்கு அவன்மேல் மரியாதையே இல்லை. "அவன் எதிரிக்கு எழுதப் படிக்கவே தெரியாது. அதான் செல்லுச்சு." அவள் மரியாதை முழுவதும் பாக்தாத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு அறிஞர்மேல். எந்த மொழியிலும் சில எழுத்து அதிகம் வரும், சில எழுத்து குறைவாக வரும். குறியை மாற்றினாலும் அந்த எண்ணிக்கை மாறாது. எண்ணினால் போதும், பூட்டு தானாகத் திறக்கும் என்று முதலில் எழுதி வைத்தவர் அவர்தானாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் கால் ஆடாது. பஜ்ஜி மடித்து வந்த பேப்பரில் எண்ணெய்க் கறைக்கு நடுவே 'க' எத்தனை, 'ம்' எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பாள். பஜ்ஜியை நாங்கள் தின்றுவிடுவோம்.

"அறுபத்துநாலு கலையில ரகசிய எழுத்தும் ஒண்ணு. பொம்பளைங்க கத்துக்கணும்னே சொல்லி வெச்சிக்கிறாங்க. கோலம் சொல்லிக் குடுத்தாங்க, பூ கட்டச் சொல்லிக் குடுத்தாங்க. இத மட்டும் எப்பிடி கரெக்டா மறந்தாங்க பாத்தியா?"

அவள் அடிக்கடி சொன்னது ஒரு ராணியின் கதை. சிறையில் இருந்த ராணி, தன்னை மீட்க வந்த கூட்டத்துக்குக் குறிகளில் கடிதம் எழுதி, பீப்பாய் மூடிக்குள் ஒளித்து அனுப்பினாள். எதிராளியின் ஆள் ஒருவன் நடுவில் எடுத்து உடைத்துப் படித்துவிட்டான். படித்ததோடு நிற்கவில்லை. கடிதத்தின் கீழே, அவள் குறிகளிலேயே, ஒரு வரி சேர்த்தான்: உங்கள் கூட்டத்தில் இருக்கிறவர்களின் பேரை எழுதி அனுப்புங்கள். எல்லோர் தலையும் போனது, கடைசியில் ராணியின் தலையும்.

"ஒடைச்சான், சரி. அது தெறமை. கீழ ஒரு வரி சேத்தான் பாரு, அதுக்கு அவன் நல்லாவே இருந்திருக்க மாட்டான்," என்பாள். அந்த ஆள் ஏதோ அடுத்த தெருக்காரன் மாதிரி அத்தனை கோபம்.

இவ்வளவு பேசினவள்தான் எங்கள் கோவில்பட்டிக்காரியின் டைரியையும் உடைத்தாள். அந்தப் பெண் எண்களில் ஏதோ எழுதி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பதற்குள் அக்கா சாவியைப் பிடித்துவிட்டாள். பிடித்த குஷியில் எல்லோர் முன்னாலும் சத்தமாகவே படித்தாள். இறந்துபோன தன் அக்காவின் புருஷனையே கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள், அவர் கையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று அதில் இருந்தது. இரண்டாவது வரி படித்து முடித்த பிறகுதான் கோவில்பட்டிக்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதை அவள் கவனித்தாள். கோவில்பட்டிக்காரி மறுவாரமே வேறு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

"நான் பூட்டத்தாம்மே பாத்தேன். உள்ள இன்னா கீதுன்னு பாக்கவேயில்ல," என்று அக்கா என்னிடம் சொன்னாள். அது சத்தியம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் எதையும் வைக்க எங்களுக்கு மனசு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் சங்கம் வைக்க ஆரம்பித்தோம். எங்கள் எல்லோருக்கும் 'பயிற்சித் தொழிலாளர்' என்றுதான் பேர். மூன்று வருஷம் ஆனாலும் பயிற்சி முடியாது. திடீரென்று ஒருநாள் முடிந்துவிட்டது என்று அனுப்பிவிடுவார்கள். முந்தின வருஷம் சங்கம் என்று பேசிய பதினோரு ஆண்களை கேட்டிலேயே கார்டைப் பிடுங்கி அனுப்பியிருந்தார்கள். அதனால் நாங்கள் காதோடு காதாகத்தான் ஆள் சேர்த்தோம். சேருகிறவர்கள் பேரை எழுதி வைக்கும் வேலை என்னிடம் வந்தது, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. ஒவ்வொரு உயிருக்கும் ஒவ்வொரு மெய்க்கும் தனித்தனிக் குறி நானே உண்டாக்கினேன்; 'ரி' என்றால் 'ர்' ஒரு குறி, 'இ' ஒரு குறி. கோலப்புள்ளி, கொக்கி, வளையம். பஸ்ஸில் கேட்டதெல்லாம் எனக்கும் பயன்பட வேண்டாமா? நாற்பத்திரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு வரி. அந்த நாற்பத்திரண்டில் அக்கா இல்லை. அவளைக் கேட்கவே கூடாது என்று எங்கள் லைன் முத்துச்செல்வி முதலிலேயே சொல்லிவிட்டாள். "டைரிய ஊருக்கே படிச்சவகிட்டப் போயி இதச் சொல்லுவீயளா?" நானும் தலையாட்டினேன்.

அந்தப் பேப்பரைத்தான் நான் தொலைத்தேன். நாங்கள் போடும் நீல ஏப்ரன் பொதுச் சொத்து. சனிக்கிழமை எல்லாவற்றையும் மூட்டை கட்டி லாண்டரிக்கு அனுப்பிவிடுவார்கள், திங்கள்கிழமை யாருடையதோ ஒன்று நம் கைக்கு வரும். பேப்பர் ஏப்ரன் பையிலேயே போய்விட்டது. யாருடைய ஏப்ரன் என்று தெரிய வழியில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அந்த ஞாயிறு நான் மூன்று தடவை குளித்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் எச்.ஆர். ரூமிலிருந்து ஆள் வந்தது. என்னைக் கூப்பிடவில்லை, அக்காவைக் கூப்பிட்டார்கள்.

எச்.ஆர். சாரை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மகளிர் தினத்தன்று எழுத்தைக் கலைத்துப் போட்டு ஒரு புதிரை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார். அவள் கேன்டீனுக்குப் போகிற வழியிலேயே விடையைச் சொல்லி ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு வாங்கியிருந்தாள். பெண்களைத் தனியாக ரூமுக்குள் கூப்பிடக்கூடாது, கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கம்பெனியில் விதி. அக்கா லைனைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "நீ வாமே," என்றாள் என்னை.

மேஜைமேல் என் பேப்பர் இருந்தது. யாரும் சொல்லாமலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, அங்கே ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"லாண்டரில கிடைச்சுது. ஏதோ கோட் வேர்டு மாதிரி இருக்கு. நீதான் இதுல எக்ஸ்பர்ட்டாச்சே," என்றார் எச்.ஆர். சார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. "படிச்சுச் சொல்லிட்டா செக்கிங்குக்கு உன்னையே லைன் லீடராப் போட்டுரலாம். பெர்மனென்ட். லெட்டர் டைப் பண்ணியே வெச்சிருக்கேன்."

அக்கா பேப்பரைக் கையில் எடுத்தாள். முதலில் கால் ஆடியது. அவள் கண் வரிகளின் கடைசிக்குப் போனது. பாதி வரிகள் ஒரே குறியில் முடிகின்றன. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மாரி, செல்வி, ஈஸ்வரி, லட்சுமி, எல்லாம் 'இ'யில். வரிகளின் தொடக்கத்துக்கு வந்தாள். அங்கே ஏழெட்டு இடத்தில் ஒரே மாதிரி குறிகள். முத்துமாரி, முத்துச்செல்வி, முத்துலட்சுமி. எங்கள் ஊரில் முத்து இல்லாத வீடு ஏது? பிறகு அவள் கண் பேப்பரின் உச்சிக்குப் போனது. அங்கே நடுவில், தனியாக, ஒரு சின்ன வரி. ஒரு பேப்பரில் பேனா வைத்தால் உச்சியில் சாமி பேரை எழுதாமல் எனக்குக் கீழே கை ஓடாது. பரீட்சைப் பேப்பர், ஊருக்குக் கடிதம், சங்கத்துப் பேர்ப்பட்டியல், எல்லாவற்றுக்கும் 'முருகன் துணை'. அதையும் குறியிலேயே எழுதியிருந்தேன்.

அவள் கால் ஆட்டம் நின்றது.

அந்த நிமிஷம் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், டைரியைப் படித்தபோதும் பார்த்திருக்கிறேன். உதடு லேசாக அசைந்தது. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பதினேழாவது வரியில் என் பேர். அங்கே வந்ததும் விரல் நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடி இறங்கி நாற்பத்திரண்டுக்கும் போனாள்.

"தெரியல சார்," என்றாள்.

"என்னது?"

"புடிபடல. என்னால முடியல."

எச்.ஆர். சார் சிரித்தார். "டிகிரி படிச்ச பொண்ணு. எவளோ கிறுக்கினதைப் படிக்க முடியலையா? அப்போ போர்டுல ஒட்டினதுக்கு யாராவது விடை சொல்லிக் குடுத்தாங்களா?"

அவளுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. இரண்டு கைவிரலும் பேப்பரின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. அடுத்த மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வேலைக்காக இல்லை, அந்தச் சிரிப்புக்காக.

"ரெண்டு நாள் டைம் குடுங்க சார். எட்துனு போய்ப் பாக்கறேன்," என்றாள்.

அவர் கொடுத்துவிட்டார். ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ள அவருக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. எங்களை அவ்வளவு பெரிய ஆட்களாக நினைக்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் மாலை பஸ்ஸில்தான் மடித்த பேப்பரை என் மடியில் போட்டாள்.

"துணியோட சேத்துத் தொவச்சிட்டேன்னு சொல்லிக்கறேன். இன்னாத்துக்குமே மேல சாமி பேர எழுதன? அதான் சாவியே. எல்லாத்தையும் பூட்டிட்டு சாவிய வாசப்படில வெச்சிக்கினுக்கீற."

"யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா," என்றேன். நன்றி என்றாவது சொல்லியிருக்கலாம்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். நான் மடிப்பை அரைகுறையாகப் பிரித்து வரிகளை மட்டும் அவசரமாக எண்ணினேன். மேலே சாமியோடு சேர்த்து நாற்பத்து மூன்று இருக்க வேண்டும். இருந்தது. அப்படியே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்காரிகள் ஆறு பேர் கூடினோம். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் பொய் சொல்லி எங்களைக் காப்பாற்றியதையும் சொன்னேன். ஆனால் அவர்கள் காதில் விழுந்தது ஒன்றுதான். "எல்லாப் பேரையும் படிச்சிட்டாளா?" என்று முத்துச்செல்வி கேட்டாள். ஆமாம் என்றேன். பேப்பரைக் கொளுத்த வேண்டும், ஹாஸ்டலை மாற்ற வேண்டும், அவளிடம் பேச்சே வைத்துக்கொள்ளக்கூடாது என்று முடிவானது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று நான் அழுத்திச் சொல்லவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது, அதுதான் உண்மை. பேப்பரை மட்டும் கொளுத்தவில்லை. வேறு நகல் இல்லை என்பதால் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டு, கொளுத்திவிட்டேன் என்று சொன்னேன்.

தண்டலத்துக்கு நாங்கள் மாறிப் போன அன்று, பாயையும் பக்கெட்டையும் கட்டுவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"எந்த ஹாஸ்டல்மே?"

நான் குனிந்து கயிற்றை இறுக்கினேன்.

"சொல்லாட்டி போ. கண்டுபுடிக்க எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்று சிரித்தாள்.

ஆனால் அவள் கண்டுபிடித்து வரவில்லை. உலகத்தில் அவள் உடைக்காமல் விட்ட ரகசியம் அது ஒன்றுதான். பேப்பரைத் தண்ணீரில் போட்டதற்காக அவளை செக்கிங்கிலிருந்து எடுத்து டேப் லைனில் நிறுத்தினார்கள். எனக்கு மூன்று ஆள் தள்ளி நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மாதம் முடியும்போது அவளுடைய பயிற்சி முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் பேர் எதுவும் வெளியே வரவில்லை. நாலு மாதம் கழித்து சங்கத்தைப் பதிவு செய்யப் படிவம் வந்தது. பேர்களை நல்ல தமிழில் எடுத்து எழுத உட்கார்ந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து முதல் தடவையாக முழுசாக விரித்தேன். உச்சியில் முருகனைக் காணோம். அந்த வரியை மட்டும் நகத்தால் கீறி நேராகக் கிழித்து எடுத்திருந்தாள். நாற்பத்திரண்டு பேரையும் எழுதி முடித்தேன். அதற்கும் கீழே ஒரு வரி இருந்தது.

என் குறிகள்தான், என் கையெழுத்து இல்லை. கோலப்புள்ளி, கொக்கி, வளையம் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். அவள் பேர் வந்தது.

தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, பேப்பரை என் மடியில் போட்ட அன்றே அவள் கேட்டுவிட்டாள். நான்தான் வரியை எண்ணினேனே தவிர, படிக்கவில்லை. ஹாஸ்டலில் விசாரித்தேன், கேட்டில் விசாரித்தேன். அரக்கோணம் பக்கம் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

படிவத்தில் 'மொத்த உறுப்பினர்கள்' என்ற கட்டத்தில் நான் நாற்பத்து மூன்று என்று எழுதினேன். முத்துச்செல்வி எட்டிப் பார்த்து, "ஒண்ணு கூடிப்போச்சுல்லா," என்று அதை அடித்து நாற்பத்திரண்டு ஆக்கினாள். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் எழுதினவரே கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுக் கொடுத்தேன்.